பொத்தான் அறிவு போதுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்)

இது படங்களின் காலம். எழுத்தறிந்தோரும் அறியாதோரும் ஒன்றாக அமர்ந்து பார்ப்பது இன்று அசையும் படத்தைத்தான். நமது சங்கராபுரம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். திருமணமா? மண்டபத்தில் ஒரு பெரிய எல்.ஈ.டி. திரை, அதில் மணமக்கள் பெயர் பூமாரிக்கு நடுவே மின்னி வருகிறது. காதணி விழாவா? குழந்தையின் முகம் முகிலைக் கிழித்துக்கொண்டு எழுகிறது. ஆடித் திருவிழாவா? அம்மன் உருவத்தைச் சுற்றி ஒளிவட்டம் சுழல்கிறது. தேர்தல் வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். ஒவ்வொருவர் கைப்பேசியிலும் தலைவர்கள் பறந்து பறந்து வருகிறார்கள்.

இவற்றையெல்லாம் செய்பவர்கள் யார்? சென்னையிலிருந்து இறக்குமதியான வல்லுநர்களா? இல்லை. கடைத்தெரு மாடியில், பத்துக்குப் பத்து அறையில், ஒரு கணிப்பொறியின் முன் இரவெல்லாம் கண்விழிக்கும் நம் வயது இளைஞர்களே! அவர்களுள் சிலர் நம்மோடு பள்ளியில் படித்தவர்கள். சிலர் இக்கல்லூரியிலேயே பகலில் படித்து, மாலையில் அங்கே பணி செய்பவர்கள். அவர்கள் அன்றாடம் படும் தொல்லைகளையும், அத்தொல்லைகளை நாம் தீர்க்கும் முறையையும் பற்றிச் சில கருத்துகளைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்துக்கும் வடிவத்துக்கும் அசைவு கொடுப்பதை ‘மோஷன் கிராஃபிக்ஸ்’ என்கிறார்கள். தனித்தனியாக எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நடந்ததுபோல் காட்டுவதைக் ‘காம்போசிட்டிங்’ என்கிறார்கள். தோல்பாவைக் கூத்தில் ஒரு வெள்ளைத் திரைக்குப் பின்னால் இராமன் ஒரு தோலிலும் மான் ஒரு தோலிலும் மரம் ஒரு தோலிலும் இருக்க, பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரே வனமாகத் தெரிகிறதல்லவா? அதே வித்தைதான். தோலுக்குப் பதில் இன்று ‘லேயர்’ வந்திருக்கிறது.

பழைய கலை, புதிய கருவி

இக்கலை கணிப்பொறியோடு பிறந்தது என்று எண்ணுவோர் பலர். அது சரியன்று. பிரான்சு நாட்டில் ஜார்ஜ் மெலியே என்பவர் 1900ஆம் ஆண்டிலேயே ஒரே படச்சுருளில் தம்மையே ஏழு முறை பதிவு செய்து, ஏழு பேர் கொண்ட வாத்தியக் குழுவாகத் தாமே அமர்ந்து காட்டினார். அவ்வளவு தூரம் போவானேன்? நமது கல்வராயன் மலைக்கு மேற்கே உள்ள சேலத்தில், டி. ஆர். சுந்தரம் அவர்களின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940ஆம் ஆண்டு ‘உத்தம புத்திரன்’ படத்தை வெளியிட்டது. பி. யு. சின்னப்பா அதில் இரண்டு வேடங்களில் தோன்றினார். தமிழில் இரட்டை வேடத்திற்கு வழிகாட்டியாகப் பேசப்படும் படம் அது. கணிப்பொறி என்ற சொல்லே நம் ஊர்களில் கேட்டிராத காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அந்நாளில் இரட்டை வேடக் காட்சிக்கு வழக்கமான வழி ஒன்று இருந்தது. காமிராவின் கண்ணில் பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைத்து, மறுபாதியில் நடிகரை ஒரு வேடத்தில் படமெடுப்பார்கள். பிறகு சுருளைத் திரும்பச் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து, திறந்த பாதியை மறைத்து, அவரையே மற்ற வேடத்தில் எடுப்பார்கள். இடையில் காமிரா நூலளவு அசைந்தாலும் நடுவே கோடு தெரியும். விளக்கின் வெளிச்சம் சற்று மாறினாலும் ஒரு பாதி வெளுக்கும். மறு பாதி கறுக்கும். அவர்கள் கையில் ‘அன்டூ’ பொத்தான் இல்லை. ஆகவே ஒவ்வொரு குறையும் ஏன் வருகிறது என்று முன்கூட்டியே அறிந்திருந்தால்தான் பிழைக்க முடியும்.

1957இல் வந்த ‘மாயா பஜார்’ படத்தில் கடோத்கசன் வாய்க்குள் பண்டங்கள் தாமாகவே பறந்து சென்றதைக் கண்டு இன்றும் குழந்தைகள் கைகொட்டுகிறார்கள். மார்க்கஸ் பார்ட்லி என்ற ஒளிப்பதிவு மேதையின் கைவண்ணம் அது. பின்னர்க் கணிப்பொறி வந்தது. ‘காதலன்’ (1994), ‘இந்தியன்’ (1996), ‘ஜீன்ஸ்’ (1998), ‘எந்திரன்’ (2010) ஆகிய தமிழ்ப் படங்கள் சிறப்புக் காட்சிகளுக்காகத் தேசிய விருது பெற்றன. ஆக, இத்துறை நமக்கு அந்நியமானதன்று. நம் முன்னோர் கையாண்ட கலையே புதிய கருவியோடு நம் ஊர் மாடி அறைக்கு வந்திருக்கிறது.

அறிகுறியும் காரணமும்

கருவி வந்தது; ஆனால் அறிவு வந்ததா? இதுதான் என் கேள்வி.

ஒரு வீடியோ கடைக்குச் சென்று பாருங்கள். படத்தின் ஓரத்தில் பச்சை தெரிகிறது. “அண்ணே, பச்சை போகமாட்டேங்குது” என்கிறான் தம்பி. “அந்த எஃபெக்டைப் போடு, இரண்டாவது ஸ்லைடரை முப்பதுக்குத் தள்ளு” என்கிறார் அண்ணன். பச்சை போகிறது. கூடவே மணப்பெண்ணின் தலைமுடியும் பாதி போகிறது! ஏன் தள்ள வேண்டும், முப்பது என்பது எதன் அளவு என்று தம்பி கேட்கவில்லை. கேட்டாலும் அண்ணனுக்குத் தெரிந்திருக்காது. அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரும் இப்படித்தான் சொல்லியிருப்பார். அடுத்த ஆண்டு மென்பொருளின் புதிய பதிப்பு வருகிறது. பொத்தான் இடம் மாறிவிடுகிறது. கற்ற வித்தை அத்தோடு போயிற்று.

இதைத்தான் நான் பொத்தான் அறிவு என்கிறேன்.

என் தந்தை கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழிலாளி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் பழுது காணும் முறையை நான் முதலில் கற்றது அவரிடம்தான். “மோட்டார் ஓடல” என்று யாராவது வந்தால் அவர் உடனே ஸ்பேனரைத் தூக்குவதில்லை. “மூணு பேஸும் வருதா? பியூஸ் பாத்தியா? ஓடியும் தண்ணி ஏறலையா, இல்ல ஓடவே இல்லையா?” என்று வரிசையாகக் கேட்பார். ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால் குறை காயிலில் இராது. ஃபுட்வால்வைப் பார்க்க வேண்டும் என்பார். ஓடாமல் உறுமினால் ஒரு பேஸ் வரவில்லை என்பார். நல்ல காயிலை அவிழ்த்துக் கூலி வாங்கியவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை.

நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன் பின்னரே மருந்து தர வேண்டும் என்பது வள்ளுவர் நமக்குக் காட்டிய வழி. மோட்டாருக்குப் பொருந்தும் அந்நெறி வீடியோவுக்குப் பொருந்தாதா? பொருந்தும் என்பதற்குச் சில சான்றுகள் தருகிறேன். இவற்றின் காரணங்கள் அனைத்தும் நம் இயற்பியல், கணித வகுப்புகளிலேயே இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

பச்சைத் துணியின் பாடம்

முதலாவது, ‘கிரீன் மேட்’. ஆளைப் பச்சைத் துணிக்கு முன் நிறுத்திப் படமெடுத்து, பின்னர்ப் பச்சையை நீக்கி வேறு காட்சியைப் பின்னால் வைப்பது. ஏன் பச்சை? காமிராவின் உணர்தகட்டில் நான்கு நான்கு புள்ளிகளாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலான காமிராக்களில் இரண்டு புள்ளிகள் பச்சையையும், ஒன்று சிவப்பையும், ஒன்று நீலத்தையும் உணர்கின்றன. ஆகவே பச்சைதான் தெளிவாகப் பதிவாகிறது. மனிதத் தோலின் நிறத்திலும் பச்சை மேலோங்கி நிற்பதில்லை. மணப்பெண் கிளிப்பச்சைப் பட்டு உடுத்தியிருந்தால் மட்டும் நீலத் துணிக்கு மாறிவிட வேண்டும். இல்லாவிட்டால் தலையும் கையும் மிதக்க, புடவை இருந்த இடத்தில் ஊட்டி மலை தெரியும்!

ஓரத்தில் பச்சை படிவது ஏன்? துணியில் பட்ட ஒளி எதிரொளித்து ஆளின் தோளிலும் கன்னத்திலும் விழுகிறது. இதை மென்பொருளில் தீர்ப்பதைவிட, ஆளை ஆறேழு அடி முன்னால் நிறுத்தி, துணிக்குத் தனி விளக்கும் ஆளுக்குத் தனி விளக்கும் வைத்தால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். ஓரம் படிக்கட்டுப்போல் வெட்டுப்படுவது ஏன்? நமது கைப்பேசிகளும் சிறு காமிராக்களும் இடத்தை மிச்சப்படுத்த, நான்கு புள்ளிகளுக்கு நான்கு வெளிச்ச அளவுகளை வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்குக்கும் பொதுவாக ஒரே அளவாகச் சுருக்கிவிடுகின்றன. கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் நிறத்தை வைத்தே வெட்டும் மென்பொருளுக்குத் தெரியும். இதை அறிந்தவன் ஸ்லைடரோடு இரவெல்லாம் மல்லுக்கு நிற்கமாட்டான்; நிற அளவைச் சிறிது மழுக்கிவிட்டு வெட்டுவான், அல்லது அடுத்த முறை நிறத்தை அதிகமாகச் சேமிக்கும் காமிராவைக் கேட்பான்.

விளக்கின் விம்மல்

இரண்டாவது, மண்டபத்து வீடியோவில் பட்டை பட்டையாக ஒளி துடிப்பது. இதை ‘காமிரா கோளாறு’ என்று சொல்லி ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஆகவே அதில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. நொடிக்கு 25 படம் எடுத்தால் ஒரு படத்துக்குச் சரியாக 4 துடிப்பு. எல்லாப் படத்திலும் ஒரே வெளிச்சம். 30 படம் எடுத்தாலோ ஒரு படத்துக்கு மூன்றே கால் துடிப்புக்கும் சற்று மேல். ஒவ்வொரு படமும் துடிப்பின் வேறு வேறு நிலையைப் பிடிக்கிறது. அதனால் நொடிக்குப் பத்து முறை வெளிச்சம் ஏறி இறங்குகிறது. ஒலியியலில் நாம் படித்த விம்மல்தான் இங்கே ஒளியில் வந்து நிற்கிறது! ஷட்டரை 50இல் ஒரு பங்காகவோ 100இல் ஒரு பங்காகவோ வைத்தால் முழுத் துடிப்பு ஒவ்வொரு படத்துக்குள்ளும் அடங்கிவிடும். துடிப்பும் நின்றுவிடும். செலவு? ஒரு காசுமில்லை.

இதனோடு ஒட்டிய தொல்லை, வாய் ஒரு பக்கம் ஒலி ஒரு பக்கமாகப் போவது. அமெரிக்காவில் 1953இல் வண்ணத் தொலைக்காட்சிக்கு விதி வகுத்தபோது, ஒலி அலையோடு மோதாதிருக்க நொடிக்கு 30 என்ற கணக்கை 29.97 ஆகச் சற்றே குறைத்தார்கள். அந்தச் சிறு வேறுபாடு இன்றும் நம் தலையில் வந்து விடிகிறது. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் 30க்கும் 29.97க்கும் உள்ள இடைவெளி 3.6 நொடி. தாலி கட்டிய பிறகு மேளம் கேட்டால் எப்படி இருக்கும்? மேலும், கைப்பேசிகள் பல நேரங்களில் சீரான வேகத்திலேயே படமெடுப்பதில்லை. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப வேகம் மாறும். ‘ஹேண்ட்பிரேக்’ போன்ற இலவச மென்பொருளில் முதலில் அதைச் சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கில் வைப்பதே முறை.

கறுப்பு ஓரமும் திணறும் கருவியும்

மூன்றாவது, டைட்டிலைச் சுற்றிக் கறுப்புக் கோடு வருவது. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தோடு ‘எவ்வளவு மறைக்கும்’ என்ற ஓர் எண்ணும் உண்டு. அதை ஆல்ஃபா என்பர். தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட கணக்கு இன்றும் எல்லா மென்பொருளுக்கும் அடித்தளம். எழுத்தின் ஓரப் புள்ளி பாதி மறைப்பது என்று கொள்வோம், ஆல்ஃபா 0.5. வெள்ளை எழுத்தின் நிறம் 1. சில கோப்புகளில் நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி 0.5 என்று வைத்திருப்பார்கள். அதை வெள்ளைப் பின்னணிமேல் வைத்தால் 0.5 கூட்டல் மீதிப் பாதி 0.5, ஆக 1. தூய வெள்ளை. ஆனால் பெருக்கியது தெரியாமல் மென்பொருள் மறுபடியும் பெருக்கினால் 0.25 கூட்டல் 0.5, ஆக 0.75. வெள்ளைக்கு நடுவே சாம்பல் கோடு! இரண்டு வரிக் கூட்டலில் முடிந்துவிட்டது. கோப்பைத் திறக்கும் இடத்தில் ‘இது முன்பே பெருக்கியது’ என்று சொல்லிவிட்டால் கோடு மறையும். இதை அறியாதவர் ஓரத்தை அரித்து அரித்து எழுத்தையே மெலியச் செய்கிறார்.

நான்காவது, ‘சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது’ என்ற புலம்பல். ஒரு படத்தில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படத்துக்கு 82,94,400 பைட். நொடிக்கு 25 படம், பத்து நொடிக்கு 250 படம். ஏறத்தாழ 207 கோடி பைட். ஒரே ஒரு லேயரின் பத்து நொடி முன்னோட்டம் 2 ஜி.பி.யை விழுங்குகிறது! 8 ஜி.பி. நினைவகம் கொண்ட மடிக்கணினி திணறாமல் என்ன செய்யும்? நீளத்திலும் உயரத்திலும் பாதித் தெளிவில் பார்த்தால் தேவை நான்கில் ஒரு பங்காகக் குறையும். வேலையைப் பாதியில் பார்த்து, முடிவில் மட்டும் முழுமையாக ரெண்டர் போட்டால் போதும். புதிய கணிப்பொறி வாங்கக் கடன் எடுக்குமுன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்?

தமிழ் உடையலாமா?

ஐந்தாவது தொல்லைதான் என் நெஞ்சை மிகவும் உறுத்துவது. இன்று நம் ஊர்த் திருமண வீடியோக்களில் மணமக்கள் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. நாகரிக மோகம் என்று இதைச் சாடுகிறோம். மோகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் எழுதினால் எழுத்து உடைந்து வருகிறது! ‘கொற்றவை’ என்று தட்டினால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் சிதறுகின்றன. நடுவே ஒரு புள்ளி வட்டம் பல்லிளிக்கிறது. நாளை காலைக்குள் வேலையை முடித்தாக வேண்டிய தம்பி என்ன செய்வான்? ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறான்.

காரணம் இதோ. யூனிகோடு முறையில் ‘கொ’ என்பது முதலில் க, பின்னர் ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. அந்த ஒரே குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைத்துக் காட்ட வேண்டியது மென்பொருளின் கடமை. ஆங்கில எழுத்துக்கு இந்த வேலை இல்லை. ஆகவே ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் கொண்டு செய்த எழுத்துப் பகுதியில் தமிழ் உடைகிறது. ‘ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்’ மென்பொருளின் புதிய பதிப்புகளில், எழுத்து அமைப்புப் பகுதியில் ‘தெற்காசியம் மற்றும் மத்தியக் கிழக்கு’ என்ற தெரிவு இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால் தமிழ் ஒழுங்காக வரும். எத்தனை கடைகளில் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்?

அதற்குப் பதில் பழைய ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களை வைத்து ஒப்பேற்றுகிறோம். பார்வைக்குத் தமிழ்; உள்ளே ஆங்கிலக் குறிகளின் குப்பை. எழுத்துருவை மாற்றினால் எல்லாம் போயிற்று. எழுத்து எழுத்தாகப் பறந்து வரும் அசைவைக் கொடுத்தாலோ கொம்பு தனியே பறக்கும், கால் தனியே நடக்கும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ‘இங்க்ஸ்கேப்’ என்ற இலவச மென்பொருளில் பெயரை யூனிகோடில் எழுதி, அதைக் கோட்டு வடிவமாக மாற்றி, ஒவ்வொரு முழு எழுத்தையும் ஒரு தொகுதியாகக் கட்டி, பிறகு அசைவு மென்பொருளுக்குள் கொண்டுவர வேண்டும். ‘கொ’ முழுதாகவே பறந்து வரும். தமிழில் 247 எழுத்துகள் என்று மேடையில் முழங்கினால் மட்டும் போதுமா? அவற்றைத் திரையில் முழுதாக நிறுத்துவதும் தமிழ்த்தொண்டுதான்.

மறுப்புக்கு மறுமொழி

‘காரணம் தேட எங்களுக்கு நேரம் ஏது?’ என்பார்கள் கடைக்காரர்கள். உண்மைதான், முகூர்த்த மாதங்களில் அவர்கள் உறங்குவதே அரிது. ஆனால் ஒரே தொல்லைக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் தடவித் தடவித் தீர்ப்பதைவிட, ஒரு முறை ஒரு மணி நேரம் காரணத்தைக் கற்பது இலாபமல்லவா?

‘இனிச் செயற்கை நுண்ணறிவே பின்னணியை வெட்டிவிடும்; இதெல்லாம் எதற்கு?’ என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். வெட்டுகிறது, நன்றாகவே வெட்டுகிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அது வெட்டியது சரியா என்று சொல்ல ஒரு கண் வேண்டாமா? விளக்கின் விம்மலோடு எடுத்த படத்தை அதனிடம் கொடுத்தால் அது திருத்த முயலும். ‘நாளை ஷட்டரை மாற்றி வை’ என்று மண்டபத்துக்கு வந்து சொல்லாது. பொத்தான் அறிவு மட்டும் உள்ளவனின் வேலையைத்தான் இயந்திரம் முதலில் பிடுங்கும். காரணம் அறிந்தவனுக்கு அது வேலையாளாக நிற்கும்.

‘மென்பொருள் வாங்கப் பணம் இல்லை, திருட்டுப் பதிப்புத்தான் கதி’ என்பது மூன்றாவது மறுப்பு. பணம் இல்லை என்பதை நான் அறிவேன். என் வீட்டிலும் இல்லை. ஆனால் வேறு வழி இருக்கிறது. ‘பிளெண்டர்’ என்ற மென்பொருளை 2002இல் அதன் பயனாளர்களே ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்து உலகத்துக்குப் பொதுவாக்கினார்கள். காம்போசிட்டிங் வசதியும் அதில் உண்டு. லாட்வியா என்ற சிறு நாட்டிலிருந்து வந்த ‘ஃப்ளோ’ என்ற இயங்குபடம் அதைக் கொண்டே உருவாகி 2025இல் ஆஸ்கார் விருது பெற்றது. ‘டாவின்சி ரிசால்வ்’ மென்பொருளின் இலவசப் பதிப்பிலும் காம்போசிட்டிங் பகுதி இருக்கிறது. இலவசமாக நேர்வழி திறந்திருக்கையில், வைரஸோடு வரும் திருட்டுப் பதிப்பு நமக்கு எதற்கு?

என்ன செய்யலாம்?

குறை கூறிவிட்டு ஒதுங்குவது மாணவனுக்கு அழகன்று. ஆகவே மூன்று யோசனைகளைப் பேராசிரியர் பெருமக்கள் முன்னும் தோழர்கள் முன்னும் பணிவோடு வைக்கிறேன்.

முதலாவது, நம் கல்லூரி நூலகத்தில் ‘பழுது ஏடு’ என்று ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வைப்போம். ஒரு தொல்லைக்கு ஒரு பக்கம்: அறிகுறி என்ன, காரணம் என்ன, மருந்து என்ன. எளிய தமிழில் எழுதுவோம். இணையத்தில் காணொளிகள் குவிந்து கிடக்கும்போது ஏடு எதற்கு என்று கேட்கலாம். வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து படிக்க வரும் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். சிக்னல் தடுமாறும் மலையில் காணொளி நகராது. கையிலிருக்கும் தாள் நகரும். மேலும், காணொளிகள் பலவும் பொத்தானைக் காட்டுகின்றனவே தவிரக் காரணத்தைக் காட்டுவதில்லை.

இரண்டாவது, ஒலியியலில் விம்மல் நடத்தும்போது மண்டபத்து விளக்கையும், கணிதத்தில் அணிகள் நடத்தும்போது படத்தைச் சுழற்றுவதையும், தமிழ் வகுப்பில் எழுத்திலக்கணம் நடத்தும்போது யூனிகோடின் வரிசையையும் ஓர் எடுத்துக்காட்டாகச் சேர்க்க ஆசிரியர்களை வேண்டுகிறேன். பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. பாடத்துக்குப் பக்கத்தில் ஒரு சன்னலைத் திறந்தால் போதும். தேர்வுக்குப் படித்துத் தேர்வோடு மறக்கும் பாடம் அப்போது சோறு போடும் பாடமாக மாறும்.

மூன்றாவது, ஊரிலுள்ள வீடியோக்கலைஞர்களை ஆண்டுக்கு இருமுறையேனும் கல்லூரிக்கு அழைப்போம். அவர்கள் தொல்லைகளைக் கொண்டுவரட்டும். நாம் காரணங்களைத் தேடித் தருவோம். அவர்களுடைய கைத்திறனும் நம்முடைய ஏட்டறிவும் சந்திக்கும் இடம் அதுவாகட்டும். ‘தொழில் ரகசியம்’ என்று பூட்டி வைத்த எத்தனையோ வித்தைகள் அதை அறிந்தவரோடு சேர்ந்தே மறைந்ததை நாடறியும். பூட்டி வைக்கும் பழக்கம் நம் தலைமுறையோடு ஒழியட்டும்.

தோழர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். பட்டம் பெற்று ஊர் திரும்பும்போது, ‘என்னடா படிச்ச?’ என்று நம் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு ஒரு தாளை மட்டும் நீட்டப் போகிறோமா? ‘இது ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குத் தெரியும், சரி செய்யவும் தெரியும்’ என்று சொல்லும் நிலைக்கு வர வேண்டாமா? சேலத்தில் படச்சுருளைத் திரும்பச் சுற்றி ஒருவரை இருவராக்கிய கைகளுக்கு இருந்த துணிவு நமக்கும் வேண்டும். அந்தத் துணிவைத் தருவது காரணம் அறிந்த அறிவே.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும் நாளில் ‘பழுது ஏட்டின்’ முதல் பக்கம் எழுதப்படட்டும். முதல் பக்கத்துக்குத் தமிழ் எழுத்து உடையும் தொல்லையையே நான் முன்மொழிகிறேன். இரண்டாம் பக்கத்தை எழுதப் போகிறவர் யார்?